உப்புக்காற்றில் எந்தப் புத்தகம் தாங்கும்? கெட்டி அட்டை, பேப்பர்பேக், கிண்டில்: ஒரு ஒப்பீடு

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கை போன வாரம் போன் செய்தாள். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்ட ஐந்து பாக நாவலை வாங்கப் போகிறாள். “கெட்டி அட்டையில ஒரு செட் இருக்குக்கா, சாதா அட்டையில ஒண்ணு இருக்கு, கிண்டில்ல டீக்காசுக்குக் கிடைக்குது. எதை எடுக்கட்டும்?” என்றாள்.

இதே கேள்வியை வருடத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு இரும்பு பீரோ நிறையப் புத்தகம் இருக்கிறது. பதினாறு வருடமாக அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் படிக்கக் கொடுக்கிறேன். நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், காசு கிடையாது. ஒரு புத்தகம் முப்பது கை மாறி வரும்போது முதலில் எந்த இடம் விட்டுப்போகிறது என்பதை இதில்தான் தெரிந்துகொண்டேன்.

மீதியை 2024 நவம்பர் 20 சொல்லிக் கொடுத்தது. அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எதுவும் தப்பவில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, பீரோக்களின் கீழ்த்தட்டில் இருந்த எண்பத்து மூன்று புத்தகங்கள் நனைந்தன. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, பழசு, புதுசு எல்லாம் அதில் கலந்து கிடந்தன. பத்து நாள் மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்தப் பத்து நாளில் கற்றது.

## எதை வைத்து எடை போடுவது

கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பவர் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே சரிவராது. நம் கரையில் முதல் கேள்வி காற்று. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் அதில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்க்கத் தொடங்கும். அடுப்படியில் உப்புச் சாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். புத்தகத்தின் மேல்விளிம்பில் படியும் தூசியிலும் அதே உப்புதான். அது ஈரத்தை இழுத்துக் காகிதத்துக்குள் விடுகிறது. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது நமக்கு அன்றாடம்.

இரண்டாவது, பூச்சி. இராமபாணம் என்று நாம் சொல்லும் வெள்ளிப்பூச்சி தேடுவது மாவுச்சத்தை. பசை, துணியில் ஏற்றிய கஞ்சி, காகிதத்தின் மேற்பூச்சு எல்லாம் அதற்குத் தீனி.

மூன்றாவது, கையும் கண்ணும். படுத்துக்கொண்டு படிப்பவரா, பஸ்ஸில் படிப்பவரா, எழுத்துப் பெரிதாக வேண்டியவரா? நான்காவது, புத்தகம் உங்களிடமே இருக்குமா, ஊரெல்லாம் சுற்றுமா? ஐந்தாவது, மொத்தச் செலவு. அட்டையில் போட்ட விலையோடு அது முடிவதில்லை. தபால், பைண்டிங், அலமாரி இடம், கருவி என்று பின்னால் வருவதையும் சேர்க்க வேண்டும்.

அட்டை அழகாக இருக்கிறதா என்பதும் முக்கியம்தான். அழகுக்காகப் புத்தகம் வாங்குவது தப்பென்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதைத் தனியாகக் கீழே வைத்திருக்கிறேன்.

## கெட்டி அட்டை

காசு கூடினாலும் நாள்பட நிற்கும் என்று நம்பித்தான் கெட்டி அட்டை வாங்குகிறோம். நானும் அந்த நம்பிக்கையில் நிறைய வாங்கினேன். நனைந்ததில் பதினொன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள். ஒன்பதில் அட்டை ஊறி, உலர்ந்த பிறகு முறம்போல வளைந்துவிட்டது. சிவப்புக் காலிகோத் துணி போட்ட ஒன்றில் சாயம் இறங்கி முதல் நாற்பது பக்கம் வரை ஏறியிருந்தது. எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் குங்குமம் கொட்டியது போன்ற ஒரு கறை, நாற்பது பக்கத்துக்கும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகிறது.

மழையில் நனையாவிட்டாலும் இந்தக் கரையில் கெட்டி அட்டைக்குத் தொல்லை உண்டு. அந்த அட்டையே காகிதக்கூழ். ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விடும். வெளியே ஒட்டிய துணியும் உள்ளே ஒட்டிய தாளும் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் அட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. துணி விறைப்பாக இருக்க அதில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். பூஞ்சைக்கும் இராமபாணத்துக்கும் அது விருந்து. சுவரை ஒட்டி அலமாரியில் நெருக்கி வைத்த காலிகோப் புத்தகத்தை மார்கழியில் எடுத்துப் பாருங்கள், முதுகில் சாம்பல் பூத்திருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் உள்ளே இருக்கிறது. இப்போது வரும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் பலவற்றில் பக்கங்களை நூலால் தைப்பதில்லை. பேப்பர்பேக் போலவே பசையில் ஒட்டி, மேலே மட்டும் கனத்த அட்டையைப் போர்த்துகிறார்கள். கனத்த அட்டையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பசை முதுகு இழுபடுகிறது. நான் வாங்கிய ஒரு சிறுகதைத் தொகுப்பு, எழுநூற்றுச் சொச்சம் பக்கம், மூன்றாவது ஆள் கையிலேயே நடுவில் பிளந்தது. அட்டை இன்றைக்கும் புதிதுபோலப் பளபளவென்று இருக்கிறது.

பின்னால் வரும் செலவு: எடை. அஞ்சல்துறையின் ஞான போஸ்ட் 2025 மே மாதம் வந்தது. அதில் புத்தகத்துக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், எடை ஏற ஏறக் கூடி 5 கிலோவுக்கு 100 ரூபாய் (வரி தனி). கூரியர் இதைவிடக் கூடுதல். ஒரே நாவலின் இரண்டு பதிப்பை என் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், கெட்டி அட்டை 280 கிராம் கூடுதலாக இருந்தது. அலமாரியிலும் பத்துப் புத்தகத்துக்கு ஒரு புத்தகத்தின் இடம் கூடுதலாகப் போகும். படுத்துப் படிப்பவருக்கு மணிக்கட்டு வலி தனி.

அப்படியானால் எப்போது வாங்கலாம்? அகராதி, கலைக்களஞ்சியம், உரையோடு கூடிய பெரிய பழந்தமிழ் நூல்கள் போல மேசையில் கிடத்தி விரித்துப் பார்ப்பதற்கு. வீட்டில் ஒரே இடத்தில் இருந்து, யாருக்கும் இரவல் போகாத நூல்களுக்கு. கல்யாணத்துக்கோ வீடு குடிபோவதற்கோ பரிசாக. கடலிலிருந்து தள்ளி, ராமநாதபுரம் டவுனிலோ பரமக்குடியிலோ மாடி வீடு இருந்தால் இன்னும் தைரியமாக வாங்கலாம். எங்கே இருந்தாலும் உள்ளே தையல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

## பேப்பர்பேக்: பசையா, தையலா?

மெல்லிய அட்டைப் புத்தகத்தைப் பேப்பர்பேக் என்று ஒரே பெயரில் சொன்னாலும், பசையில் ஒட்டியதும் நூலால் தைத்ததும் வேறு வேறு சாதனங்கள். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

பார்க்கும் முறை எளிது. புத்தகத்தை மூடி, முதுகின் மேல்முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். தாள்கள் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக மடித்த சின்னச் சின்னக் கட்டுகளாக, வளைவு வளைவாகத் தெரிந்தால் அது தையலாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டை அச்சகத்தில் ஃபாரம் என்பார்கள். ஒரு ஃபாரத்தின் நடுப்பக்கத்தை விரித்தால் மடிப்பில் வெள்ளை நூல் ஓடும். நூல் இருந்தால் முடிவு. வளைவே இல்லாமல், ரம்பத்தால் அறுத்த பலகைபோல முதுகு மொட்டையாக இருந்தால் வெறும் பசை.

பசை பைண்டிங்கில் முதுகை மழித்து, சூடான பசையை ஊற்றி அட்டையை ஒட்டுகிறார்கள். அந்தப் பசை தண்ணீரில் கரையாது. அதனால் மழையில் நனைந்த என் பசை பைண்டிங் புத்தகங்கள் உடனே உதிரவில்லை, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு எதிரி சூடு. பைக் பெட்டிக்குள் வைத்து மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்தினால் பசை இளகும். அந்த நிலையில் விரித்துப் படித்தால் முதுகில் ஒரு கோடு விழும். அப்புறம் அந்தக் கோட்டில்தான் புத்தகம் பிளக்கும். வருடங்கள் ஆக ஆகப் பசை காய்ந்து தாள் தாளாகக் கையோடு வரும். என் இரவல் நோட்டுக் கணக்கில் பசை பைண்டிங் புத்தகம் சராசரியாகப் பன்னிரண்டு, பதினைந்து கை தாங்குகிறது. தையல் போட்டதில் நாற்பது கை கடந்தும் ஒரு தாள் விடாதது பல உண்டு.

தையலுக்கு இன்னொரு நன்மை, புத்தகம் மேசையில் தானாக விரிந்து கிடக்கும். நனைந்தாலும் பிழைக்கும். மழையில் நனைந்த தையல் புத்தகங்களை ஃபாரம் ஃபாரமாகப் பிரித்து நிறுத்தி, இடையில் பழைய செய்தித்தாளைச் செருகி, நிழலில் காற்றாட விட்டேன். தாள் அலை அலையாக நெளிந்திருக்கிறதே தவிர ஒன்றுகூட வீணாகவில்லை.

நம் ஊர்ப் பழைய புத்தகமான ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்கிறேன். அதில் பசையே கிடையாது. ஓலையில் ஒரு துளை, அதில் ஒரு கயிறு, மேலும் கீழும் ஒரு மரச்சட்டம். வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்குக் காவல். பனங்காடு நிறைந்த இந்தச் சீமையில் புத்தகம் நூலில்தான் நின்றிருக்கிறது. தமிழ்ப் பதிப்பில் தையலையும் தாளையும் அக்கறையாகப் பார்த்தவர்கள் என்று சொன்னால் 1974-ல் தொடங்கிய க்ரியா பதிப்பகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அவர்களின் பழைய புத்தகங்கள் என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன. முப்பது வாடைக்காலம் பார்த்தும் முதுகு நேராக நிற்கிறது.

இனி தாள். நேச்சுரல் ஷேட் என்று சொல்லும் இளம்பழுப்புத் தாள் கண்ணுக்கு இதம், நம் ஊர் வெளிச்சத்தில் கூசாது. செய்தித்தாள் வகைத் தாளில் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால் சீக்கிரம் பழுத்து நொறுங்கும். ஆர்ட் பேப்பர் எனும் வழுவழுத் தாளில் அச்சிட்ட படப் புத்தகங்களை மட்டும் தரைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அதன் மேற்பூச்சு பசையாகிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோயில் சிற்பங்கள் பற்றிய படத்தொகுப்பு ஒன்று எனக்குச் செங்கல்லாகத்தான் கிடைத்தது. அன்றைக்கு அழுதேன்.

கேட்ட அளவுக்கு மட்டும் அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் வரும் புத்தகங்கள் பெரும்பாலும் பசைதான். முப்பது, ஐம்பது பிரதி மட்டும் அச்சிடும்போது தையல் கட்டுபடியாகாது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த முறை இல்லாவிட்டால் பல நல்ல புத்தகங்கள் மறுபதிப்பே வராது. வாங்குங்கள், வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

பின்னால் வரும் செலவு: மறு பைண்டிங். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு பைண்டர் அண்ணன் இருக்கிறார். மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி வராமல் இருக்க ஒரு துளி மயில்துத்தம் போடுவார், பசை லேசாக நீலம் பாயும். (மயில்துத்தம் விஷம். வீட்டில் செய்பவர்கள் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.) உதிர்ந்த பசை பைண்டிங் புத்தகத்தை அவர் முதுகை ஒட்டித் துளை போட்டுப் பக்கவாட்டில் தைத்துத் தருகிறார். ஒரு புத்தகத்துக்கு 150 ரூபாய் வாங்குகிறார். பலமாக நிற்கும், ஆனால் உள் ஓரத்தில் அரை அங்குலம் போய்விடும், புத்தகம் முழுதாக விரியாது. ஆகவே 250 ரூபாய்ப் பசை பைண்டிங் புத்தகம் எனக்குக் கடைசியில் 400 ஆகிறது. அதே புத்தகம் தையல் பதிப்பில் 320-க்குக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

## மின்புத்தகம்

அமேசானின் மின்வாசிப்பானான கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் 2016 கடைசியில் வந்தன. உப்பும் பூஞ்சையும் பூச்சியும் எழுத்தைத் தொடாது, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். கண்புரை உள்ள என் அத்தை ஒருவர் பத்து வருடம் விட்டிருந்த வாசிப்பை அதில்தான் மறுபடி தொடங்கினார். அவருக்காகவே அந்தக் கருவியை நான் மதிக்கிறேன். மின்மை (இ-இங்க்) திரை கடற்கரை வெயிலிலும் கண்ணாடிபோலக் கூசாது. கரண்ட் போன இரவிலும் படிக்கலாம்.

காசில்லாமல் படிக்கவும் நிறைய இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய பதிப்புகள், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் புதிய எழுத்துகள். பாம்பன் பாலத்தின் இந்தப் பக்கம் இருக்கிற ஒரு பிள்ளைக்குச் சென்னையில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் கிடைப்பது சின்ன விஷயமா?

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. புதுக் கருவி 15,000 ரூபாய்க்கு மேல். அந்தக் காசில் ஐம்பது, அறுபது பேப்பர்பேக் வரும். தண்ணீர் புகாது என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதன் சின்ன எழுத்தையும் படியுங்கள். நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் என்று சொல்லும் அதே கிண்டிலுக்குக் கடல்நீரில் கணக்கு 0.25 மீட்டர், 3 நிமிடம். நம் கரையில் அதைவிடக் காற்றுதான் எதிரி. என் முதல் மின்வாசிப்பானின் சார்ஜ் துளை மூன்றே வருடத்தில் பச்சை பூத்துப்போனது. இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் இழுக்கும் சிலிக்கா பாக்கெட்டோடு வைக்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை. 2009-ல் உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கருவியிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை அமேசான் அழித்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைக்கும் வசதியையும் எடுத்துவிட்டது. என் இரவல் நோட்டில் மின்புத்தகம் ஒரு வரிகூட ஏற முடியாது. ஸ்கேன் செய்த பழைய நூல்கள் ஆறு அங்குலத் திரையில் எறும்பு வரிசையாகத் தெரியும், அதற்குப் பெரிய டேப்லெட் வேண்டும். நீளமான தமிழ்ச் சொற்களைச் சரியாக வெட்டத் தெரியாமல் வரிக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விடும் மின்புத்தகங்களும் இருக்கின்றன. வாங்குமுன் மாதிரிப் பக்கத்தைக் கட்டாயம் இறக்கிப் பாருங்கள்.

ஒருமுறை மட்டும் படித்துவிட்டு விடும் நூல்கள், பயணம், பெரிய எழுத்துத் தேவை, அச்சில் கிடைக்காதவை. இவற்றுக்கு மின்புத்தகமே மேல். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், பெட்டியில் இருபத்தைந்து கிலோவுக்குள் ஊறுகாயும் வர வேண்டுமே.

## ஒலிப்புத்தகம்

கை வேலையாய் இருப்பவர்களுக்கு இதுதான். வலை முடைகிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள், பாசி பிரிக்கிறவர்கள் காதைத்தான் சும்மா வைத்திருக்கிறார்கள். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி ஒலிக்கிறது. கேட்டுக்கொண்டே வேலை செய்வது இந்தக் கரைக்குப் புதிய பழக்கம் அல்ல. பக்கத்து வீட்டு மதினி எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குச் சிரமப்படுவார். மூன்று மாதத்தில் இரண்டு பெரிய நாவல்களைக் கேட்டே முடித்துவிட்டு என்னோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுகிறார்.

வாசிப்பவரின் குரல் பிடிக்காவிட்டால் நூலே பிடிக்காமல் போகும், அதனால் பத்து நிமிடம் கேட்டுப் பார்த்து எடுங்கள். கவிதைக்கும் உரைநூலுக்கும் எனக்கு இது சரிப்படவில்லை. நின்று திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் குரல் போய்க்கொண்டே இருக்கிறது.

## அட்டையின் மேல்பூச்சு

ராப்பர் என்று பதிப்பகத்தில் சொல்லும் மேலட்டையின் விஷயத்துக்கு வருவோம்.

| அட்டை | நம் காற்றில் நடப்பது | எதற்கு நல்லது |
|---|---|---|
| மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத படலம்) | கறுப்பு, கருநீலத்தில் விரல்தடம் படியும். ஓரம் உரியத் தொடங்கினால் நிற்காது | ஒருவரே வைத்துப் படிப்பது |
| கிளாஸ் லேமினேஷன் (பளபளப்பான படலம்) | ஈரத்துணியால் துடைக்கலாம். விளக்குக்கு நேரே பளீரிடும் | இரவல், குழந்தைகள், சமையல் நூல் |
| லேமினேஷன் இல்லாதது | சுருளாது. கறையும் ஈரமும் நேரே ஏறும் | மேலே உறை போட்டு வைப்பவர்கள் |
| காலிகோ, துணி | பூஞ்சை, சாயம் இறங்குதல் | மாடி அறை, மூடிய அலமாரி |
| கழற்றும் தாளுறை | மடிப்பில் கிழியும். கழற்றி வைத்தால் தொலையும் | கெட்டி அட்டை சேகரிப்பவர்கள் |

மழைக்காலத்தில் மேசையில் வைத்த பேப்பர்பேக்கின் அட்டை தானாக மேலே சுருண்டு திறந்துகொள்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அச்சுக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அட்டையின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் படலம், அது ஈரம் குடிக்காது. உள்பக்கம் வெறும் காகிதம், அது குடித்து விரிகிறது. விரிகிற பக்கம் விரியாத பக்கத்தைத் தள்ளுவதால் அட்டை வெளிப்புறமாகச் சுருள்கிறது. வாடை நின்று வெயில் வந்தால் பெரும்பாலும் தானே படுத்துவிடும். அவசரமென்றால் மேலே இரண்டு கனத்த புத்தகம் வைத்து ஒரு வாரம் விடுங்கள். பின்பக்கமாக மடக்கி நிமிர்த்தப் பார்த்தால் மடிப்பு விழுந்துவிடும்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் கடைசி வரை நிற்கும். என் கிழக்கு ஜன்னல் பக்கத்துப் புத்தகங்களில் பாதிக்கு முதுகு நீலமாகிவிட்டது.

ரசனைக்கு வந்தால், எனக்கு எழுத்தே படமாக நிற்கிற அட்டை பிடிக்கும். ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பாருங்கள், தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே விட்டது என்பதுகூடத் தெரியும். அந்த ஒரு வரியிலேயே நூலின் குரல் வந்துவிடும். 1960-களில் வாசகர் வட்டம் என்ற பதிப்பகம் கொண்டுவந்த நூல்களை இன்றும் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. இங்கிலாந்தில் 1935-ல் பெங்குவின் தொடங்கியபோது அட்டையில் படமே இல்லை, நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை என்று நிறத்தாலேயே அடையாளம் காட்டினார்கள். தமிழில் ஒரு பதிப்பகமாவது அப்படி ஒரு வரிசையை விடாமல் பத்து வருடம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாவல் சினிமாவானதும் அட்டையில் நடிகர் முகம் வந்துவிடுகிறதே, அது எனக்கு உண்மையிலேயே வலிக்கும். படிக்கும் முன்பே அந்தப் பாத்திரத்துக்கு வேறொருவர் முகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே சமயம், அந்த முகத்தைப் பார்த்துத்தான் முதன்முதலாக என் பீரோவைத் திறந்த பையன்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே இரவல் கொடுக்க அந்தப் பதிப்பு ஒன்று, எனக்கென்று பழைய அட்டை ஒன்று வைத்திருக்கிறேன்.

முதுகைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டில் புத்தகம் வாழ்நாள் முழுக்க நமக்குக் காட்டுவது முதுகைத்தான். தலைப்பு மேலிருந்து கீழாக, தடித்த எழுத்தில் இருந்தால் வரிசையில் வைக்கும்போதும் படுக்க வைக்கும்போதும் படிக்கலாம். இருநூறு பக்க நூலின் ஒல்லி முதுகில் ஆசிரியர் படம், சின்னம், வரிசை எண் எல்லாம் திணித்துத் தலைப்பை எறும்பாக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவை என் பீரோவில் யார் கண்ணிலும் படாமலே கிடந்து போகின்றன.

## யாருக்கு எது

தேவிபட்டினத் தங்கைக்கு நான் சொன்னது: ஐந்து பாகமும் தையல் போட்ட பேப்பர்பேக். வீடு கடலுக்கு முந்நூறு அடியில் இருக்கிறது, தரைத்தளம், அம்மாவும் இரண்டு தம்பிகளும் படிக்கப் போகிறார்கள். கெட்டி அட்டைக்குக் கூடுதலாக ஆகும் காசில் ஒரு மூடிய இரும்பு அலமாரிக்கு முன்பணம் கொடுக்கலாம். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை, கீழ்த்தட்டைக் காலியாக விடு என்றும் சொன்னேன்.

கீழக்கரையில் ஒரு தோழி வீட்டில் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் புதுக் காலிகோ போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பழைய தாளில் துளை போட்டுத் தைத்தால் உடையும். முதலில் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து மின்பிரதி ஆக்கிக்கொண்டு, மூலத்தைப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பதுதான் சரி.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பசை பைண்டிங்கே வாங்குங்கள். இரண்டு வருடத்தில் பாடத்திட்டம் மாறும், அதற்குள் கோடு போட்டுக் கிழித்து முடித்துவிடுவீர்கள். வயதானவர்களுக்குக் கிண்டில் போன்ற கருவி. கவிதைக்கு எந்த விலையானாலும் தையல், ஏனென்றால் ஒரே பக்கத்தை நூறு தடவை திறப்போம்.

குழந்தைகளின் படப் புத்தகம் தனி வகை. அவற்றில் பெரும்பாலும் நடுவில் இரண்டு பின்தான் அடித்திருக்கும். நம் காற்றில் ஒரே மழைக்காலத்தில் பின் துருவேறி, மடிப்பில் செம்பழுப்புக் கறை பரவி, நடுத்தாள் கழன்று வரும். வாங்கின அன்றைக்கே பின்னை நெம்பி எடுத்துவிட்டு நூல் போட்டுவிடுங்கள். முதலில் நான் வலைக்குப் போடும் தங்கூசி என்ற நைலான் இழையால் தைத்துப் பார்த்தேன், அது தாளையே அறுத்துவிட்டது. தடித்த பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் நாலு தடவை இழுத்தால் போதும். மடிப்பில் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து ஊசியை வெளியே விட்டு, மேல்துளை வழியாக உள்ளே எடுத்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே விட்டு, மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்து, குறுக்கே ஓடும் நூலை நடுவில் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். இந்த முடிச்சை எனக்குக் காட்டிக் கொடுத்தது வலை முடையும் மதினிதான். முடிச்சு உள்பக்கம்தான் வர வேண்டும், வெளியே வந்தால் பிள்ளைகள் பிடித்து இழுத்துவிடுவார்கள்.